பாயின்ட் நாலு

குழாயில் இருந்த சிவப்புத் திரவம் அசைந்தது.

துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து ஈரத் துவாலைகளை உருவிக்கொண்டிருந்த மார்லிஸ் டீட்மன் அதை முதலில் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். நிலவறைத் தரையைத் துளைத்துக்கொண்டு எழும்பி, சமையலறை அலமாரியின் முதுகு வழியாகப் பரணுக்குப் போகும் வெள்ளைப் பைப்பில், குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருந்தது. அதில் ஒரு பக்கம் சிவப்பு தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் நின்றால், பரணில் இருக்கும் விசிறி வீட்டுக்கு அடியிலுள்ள காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் துப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவள் கணவன் வெர்லின் அதைப் பொருத்திய நாளிலிருந்து, ஆறு வருடமாக, சிவப்பு ஒரே கோட்டில் நின்றது. இப்போது உயர்ந்த பக்கம் மெல்ல இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது.

காற்று வீசினால் அப்படி ஆகும். கூரைக்கு மேலே பைப்பின் வாயில் காற்று அடித்தால் திரவம் கொஞ்சம் ஆடும். இதை அவளே எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். துவாலையைக் கூடையில் போட்டுவிட்டு, உயரத்தில் இருந்த குறுகிய ஜன்னலருகே ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பனி ஜன்னலின் பாதிவரை அடைத்திருந்தது. மீதிப் பாதியில் தானியக் கிடங்கின் கொடிக்கம்பம் தெரிந்தது. கொடி கம்பத்தோடு ஒட்டி, காயப்போட்ட பாத்திரத் துணியாகத் தொங்கியது.

அவள் இறங்கினாள். துவாலைகளை மடித்தாள். ஈரம் என்பது மூன்றாவதை மடிக்கும்போதுதான் உறைத்தது.

பத்து மணிக்கு ரோலன் ப்ரூன்ஸ் வந்தான். பூட்ஸிலிருந்து பனியை வாசற்படியில் தட்டிவிட்டு, சாம்பல் நிறக் கருவி இருந்த பெட்டியைக் குளிருக்குக் குழந்தையைப் பொதிவதுபோலக் கோட்டுக்குள் பொதிந்துகொண்டு நின்றான்.

"சீக்கிரம் உள்ள வாங்க ரோலன். நேத்து சாயங்காலத்துல இருந்து வீட்டை மூடி வச்சிருக்கேன்."

"எனக்கே பாடமா? மாநிலத்துக் கிளாஸ்ல உங்க பக்கத்துலதானே ரெண்டு நாள் உக்காந்திருந்தேன்."

"உக்காந்தீங்களா? குறட்டை கேட்டுச்சே."

"கண்ணை மூடிக் கவனிச்சேன்." அவன் பூட்ஸைக் கழற்றினான். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "வெர்லின் இருந்திருந்தா இந்த ஓட்டைக்கு ஒரு பைப்பும் விசிறியும் போட்டுக் குடுத்திருப்பான்."

அவள் சிரித்தாள். சிரித்ததாக உதடுகளில் தெரிந்தது.

இருவரும் கீழே இறங்கினார்கள். ரேடான் என்ற வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. இந்த மண்ணிலிருந்து சும்மா மேலே வரும், வீட்டுக்குள் தங்கும், மூச்சோடு உள்ளே போகும், வருடக்கணக்கில் நுரையீரலை அரிக்கும். அதை அளக்க ஓர் உரிமம் வேண்டும், அதை வெளியேற்றும் பைப்பைப் பொருத்த இன்னோர் உரிமம். மார்லிஸிடம் முதலாவது இருந்தது. வெர்லினிடம் இரண்டாவது இருந்தது. சொந்த வீட்டை விற்கும்போது சொந்தக்காரியே அளக்க முடியாது என்பதால் ரோலன் வந்திருக்கிறான். நாற்பத்தெட்டு மணி நேரம். சராசரி நான்குக்குக் கீழே இருந்தால் வீடு கைமாறும்.

ரோலன் முக்காலியை விரித்துக் கருவியை வைத்தான். சுவரோரம், தரையில் கட்டிலின் நான்கு கால்களும் பதிந்த தடம் இருந்த இடத்தில். சுவரில் யாரோ மஞ்சள் நிறப் பெயின்ட் மாதிரிச் சீட்டுகள் மூன்றை ஒட்டியிருந்தார்கள். வெளிர் மஞ்சள், அதைவிட வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளை.

"லினேயா ஒட்டினது" என்றாள் மார்லிஸ். "வாங்கப்போற டீச்சர் பொண்ணு."

"தெரியும், ஏஜென்ட் சொன்னாரு. மார்ச்சுல குழந்தையாமே. இதுதான் குழந்தை ரூமாம். மேல ரோட்டுச் சத்தம் ஜாஸ்தியாம்."

"எந்த ரோடு?"

"அதான் நானும் கேட்டேன்."

ரோலன் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக முத்திரை நாடா ஒட்டினான். பிரித்தால் அதில் எழுத்து கிழிந்து காட்டிக்கொடுக்கும் நாடா. பிறகு பட்டறை மேசைக்கு மேலே பார்த்தான். அங்கே, ஆணியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சோதனை அறிக்கை தொங்கியது.

"இன்னும் இருக்கா இது? கல்யாண போட்டோவைவிடப் பெருசா சட்டம் போட்டான்." மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அருகில் போனான். "பாயின்ட் நாலு. மார்லிஸ், இந்த ஜில்லால மாட்டுக் கொட்டகையத் திறந்து போட்டாக்கூட ஒண்ணு வருமே."

"வெர்லின் நல்லா அடைச்சான்."

"அடைச்சான், அடைச்சான். சர்ச்சுல கூட அதைத்தான் சொல்லிட்டிருந்தான், பாதிரியார் ஜெபம் பண்ணும்போது." ரோலன் பெட்டியைப் பூட்டினான். அவன் குரல் சற்றே தொழில்முறைக் குரலாயிற்று. "உங்களுக்கு இது லைசென்ஸ் புதுப்பிக்கிற வருஷம்ல? பழைய ஃபைல் பத்தை உருவிப் பாக்கறாங்க இப்போ. இது கண்டிப்பா வரும், வீடு வித்தா பழைய அறிக்கையும் சேந்துதானே போகும். இன்னைக்கு ஏழு எட்டுன்னு வந்துச்சுன்னா, அன்னைக்கு எப்படி பாயின்ட் நாலுன்னு கேப்பாங்க. வெற்று டப்பா எழுதி வச்ச நோட்டு இருக்கும்ல, அதை எடுத்து வச்சுக்கோங்க."

"இருக்கு."

"வியாழக்கிழமை பத்து மணி. அதுவரை ஒரு ஜன்னலைத் திறக்காதீங்க."

"எனக்கே பாடமா?" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே மேலே போனான். அவன் முதுகுக்குப் பின்னால், குழாயில், சிவப்பு ஏறியது. நின்றது.

ஆறு வருடத்துக்கு முன்னால் கருவி அல்ல, டப்பா. ஒரு கைப்பிடி கரித்தூள் நிரப்பிய தட்டையான தகர டப்பா. மூடியைத் திறந்து இரண்டு நாள் வைத்தால் கரி காற்றிலிருப்பதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு மூடி, நாடா சுற்றி, ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடம் சரியாகத்தான் எண்ணுகிறதா என்று பார்க்க, திறக்கவே திறக்காத வெற்று டப்பா ஒன்றையும் அவ்வப்போது சாதாரண டப்பா என்று எழுதி அனுப்ப வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. வெற்று டப்பா எப்போதும் பூச்சியத்தை ஒட்டி வரும். பாயின்ட் மூன்று. பாயின்ட் நாலு.

பைப்பைப் பொருத்தியவரே சோதிக்கக் கூடாது. பொருத்தியவரின் மனைவி சோதிக்கலாமா என்று விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. அவளே சோதித்தாள். அறிக்கை வந்தது. வெர்லின் அதற்குச் சட்டம் போட்டான். நிலவறைதான் வீட்டிலேயே சுத்தமான இடம் என்று சொல்லி, தன் குறட்டையால் அவளுக்குத் தூக்கம் கெடவும் வேண்டாம் என்று, கட்டிலைக் கீழே இறக்கினான்.

மூன்று வாரம் கழித்துத் தோள்பையைச் சுத்தம் செய்யும்போது, அடியில், ரசீதுகளுக்கு நடுவே ஒரு டப்பா அகப்பட்டது. எண்ணைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். திறந்து வைத்த டப்பா இங்கே இருந்தது. திறக்காதது தபாலில் போயிருந்தது.

மறுபடி சோதித்தால் போதும். அடுத்த வாரம் என்று நினைத்தாள். அந்த வாரம் பதினோரு வீடுகள். அதற்கடுத்த வாரம் வெர்லின் இரண்டு பேரைக் கூட்டிவந்து சட்டத்தைக் காட்டினான். ஒன்றும் ஆகாது, இவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறானே, என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பிறகு அது தோன்றுவதும் நின்றது. டப்பாவை எறியவில்லை. மேசையின் மூன்றாவது இழுப்பறையில், பின்பக்கம், இருந்தது.

நான்காம் வருடம் இருமல் வந்தது. அவன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. மருத்துவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், வீட்டில் ரேடான் பார்த்திருக்கிறீர்களா என்று. வெர்லின் மூச்சு வாங்கச் சிரித்தான்.

"டாக்டர், என் தொழிலே அதுதான். எங்க வீட்ல பாயின்ட் நாலு. இவதான் பாத்தா."

அவள் தலையை அசைத்தாள். ஒரே ஒரு தடவை.

பதினான்கு மாதம் ஆயிற்று அவன் போய். அவள் அழவில்லை. வேண்டுமென்று அடக்கியதும் இல்லை. மயக்க ஊசி போட்ட ஈறைப் போல உள்ளே எல்லாம் தடித்துக் கிடந்தது. தட்டினால் சத்தம் வரும், வலி வராது.

புதன்கிழமை காலை வெப்பமானி பூச்சியத்துக்கு இருபத்திரண்டு கீழே காட்டியது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி, நிழலே இல்லாத வெண்மையாகச் சமையலறைக்குள் நின்றது. அவள் தக்காளி சூப் டப்பாவைத் திறந்து சூடு பண்ணினாள். மூடிய வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. பழைய காப்பி, ஈரக் கம்பளி, வெப்பக் குழலில் கருகும் தூசி. அதற்கு அடியில் இன்று இன்னொன்றும் இருந்தது. தோண்டிப் போட்ட மண்ணின் வாசனை. ஜனவரியில் மண் இரும்பு. அதற்கு வாசனை வராது.

கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது அலமாரிக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

பைப்பில் காற்று போகும் சத்தம் எப்போதும் உண்டு. அது ஒரே இழுப்பாக, குளிர்பதனப் பெட்டியின் முனகலோடு கலந்து, ஆறு வருடத்தில் காதுக்குப் பழகிக் காணாமல் போன சத்தம். இது அதுவல்ல. உள்ளே இழுத்தது. நின்றது. அவள் தன்னை அறியாமல் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெளியே விட்டது, முடியும்போது சின்னதாக ஒரு தட்டல், ஈரமான தட்டல், தொண்டைக்குள் ஒரு பொத்தான் புரண்டு விழுவதுபோல.

சூப் ஆடை கட்டியது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசி மூன்று மாதம் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிய எண்ணிக்கை அது. நான்கு என்றால் சரி. ஐந்து என்றால் செவிலியைக் கூப்பிட வேண்டும். ஏழு வந்த மதியம் அவள் கூப்பிடவில்லை. எட்டு வந்தது. அதன்பின் எண்ண ஒன்றும் இல்லை.

இப்போது நான்கு. திரும்பத் திரும்ப நான்கு.

விசிறியாக இருக்கும், என்றாள் வாய்விட்டு. உருளை தேய்ந்தால் விட்டு விட்டு ஓடும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்.

பரண் ஏணியை இழுத்து இறக்கினாள். மேலே கூரைப் பலகைகளில் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் உறைபனி பூத்திருந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனாள். விசிறி வெள்ளையாக இருந்தது. முழுவதும் உறைபனி. கையை வைத்தாள். அசைவில்லை, சூடில்லை. அதன் கம்பி மின்சாரப் பிளக் துளையிலிருந்து கழன்று, குளிர் தடுக்கப் பரப்பிய பஞ்சுக்குள் கிடந்தது. கம்பியின் முனைமேல் எலி ஒன்று கூடு கட்டிக் குடும்பம் நடத்திப் போயே போயிருந்தது. ஒரு வருடம் ஆகியிருக்கும். கூடுதலாகவே ஆகியிருக்கும். அப்படியானால் நேற்றுவரை சிவப்பை உயர்த்திப் பிடித்திருந்தது எது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கூட்டைத் தட்டிவிட்டுக் கம்பியைச் செருகினாள். விசிறி இருமியது. பின் சுழன்றது. நன்றாக, ஒரே சீராகச் சுழன்றது. இனி சிவப்பு ஒரு கோட்டில் போய் நிற்கும். அது இயற்கை. நிற்காமல் இருக்க முடியாது.

பாதிச் சோதனையில் விசிறியைப் போடுவது விதிமீறல் என்பது ஏணியில் இறங்கும்போது நினைவு வந்தது. இன்னொன்றும் நினைவு வந்தது. ஒரு நாளுக்கு மேலாக விசிறி ஓடாமல், வீட்டை மூடி வைத்து, கருவி எண்ணிக்கொண்டிருக்கிறது. ஏழு இல்லை, எட்டு இல்லை. இருபது வரும். ரோலன் வாய்க்குள் விசில் அடிப்பான். கோப்பு திறக்கும். நோட்டு திறக்கும். இழுப்பறை திறக்கும். உரிமத்தில் அவள் பெயருக்கு மேல் கோடு விழும், அதுகூடப் பரவாயில்லை. வெர்லினின் தம்பி கேட்பான். சர்ச்சில் எல்லோருக்கும் தெரியும். 'இவதான் பாத்தா.'

முத்திரை நாடாவை எப்படிக் கிழியாமல் எடுப்பது என்று அவளுக்குத் தெரியும். தலைமுடி உலர்த்தியால் அரை நிமிடம் சூடு காட்டினால் பசை இளகும். அந்தத் தந்திரத்தைச் செய்த இரண்டு வீட்டுக்காரர்களை அவளே பிடித்து எழுதிக்கொடுத்திருக்கிறாள்.

குளியலறையிலிருந்து உலர்த்தியை எடுத்துக்கொண்டாள். நிலவறைப் படியில் பதிமூன்று பலகைகள். மணி இரண்டுகூட ஆகவில்லை. ஜன்னலின் மேல்பாதியில் பகல் இருந்தது.

குழாயைப் பார்த்தாள்.

சிவப்பு ஏறியது. நின்றது. நான்கு. இறங்கியது.

மேலே பரணில் விசிறி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது கேட்டது. சிவப்புக்கு அது கேட்கவில்லை.

பயம் வந்தது. வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கையின் மயிர் எழும்பியதைப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. கால்கள் முக்காலியை நோக்கிப் போயின. கருவியின் திரை அணைந்திருந்தது. வீட்டுக்காரர் பார்க்கக் கூடாது என்று அணைத்து வைப்பார்கள். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினால் எண் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அழுத்தினாள்.

0.4.

மணிவாரியாகப் பார்த்தாள். செவ்வாய் பதினொன்று, 0.4. பன்னிரண்டு, 0.4. நடுநிசி, 0.4. இன்று காலை எட்டு, 0.4. எந்த வீடும் இப்படி வராது. உயிருள்ள வீட்டில் எண் ஏறும், இறங்கும். மூடியே வைத்த டப்பாவில்தான் இப்படி வரும்.

அப்படியானால் அடியிலிருந்து வருவதெல்லாம் எங்கே போகிறது?

உள்ளே. நிறுத்தம். வெளியே. தட்டல்.

சத்தம் பைப்பிலிருந்து மட்டும் வரவில்லை. மூலையிலிருந்து வந்தது. அங்கே, நிலத்தடி நீர் ஊறிச் சேரும் குழி இருந்தது. அதன் வழியாக வாயு மேலே வராதிருக்க, வெர்லின் குழியின் மேல் ஒளி ஊடுருவும் தடித்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, எட்டுத் திருகாணி முறுக்கி, விளிம்பெல்லாம் பசை பூசியிருந்தான். மேலிருந்தே தண்ணீரைப் பார்க்கலாம் என்று அதில் அவனுக்குப் பெருமை.

அவள் அருகே போய் முழங்காலிட்டாள். தரையின் குளிர் துணியைத் தாண்டி எலும்பைத் தொட்டது.

மூடியின் அடிப்பக்கத்தில் ஒரு வட்டம். உள்ளங்கை அளவு. ஆவி படிந்த வெண்மை. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அது. வட்டம் விரிந்தது. ஓரத்திலிருந்து சுருங்கியது. நான்கு எண்ணினாள். மறுபடி விரிந்தது.

"வெர்லின்" என்றாள்.

வட்டம் அப்படியே விரிந்து சுருங்கியது. பேச்சு கேட்டதாக அடையாளம் இல்லை. அவன் தூங்கும்போதும் அப்படித்தான்.

அவள் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் கண்ணில் படவில்லை; பட்டபோது அது அங்கே முன்பிருந்தே இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் வட்டத்தின் பக்கத்தில், ஒட்டாமல், இரட்டைக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே விடும் இடைவெளி விட்டு, இன்னொரு வட்டம். அது நான்கு எண்ணி நிற்கவில்லை. சாதாரணமாக விரிந்தது, சாதாரணமாகச் சுருங்கியது.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

இரண்டாவது வட்டம் நின்றது.

விட்டாள். விரிந்தது.

சரி, என்று நினைத்தாள். வியப்பாகக்கூட இல்லை. ஆறு வருடம் அவளும் இதே வீட்டில்தானே இருந்தாள். அவளுக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறான். அவ்வளவுதான். அதோடு எண்ணையும் கொடுத்திருக்கிறான். அவளைக் காப்பாற்றும் எண். இனி ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை. நாடாவைத் தொட வேண்டியதில்லை. நாளை பத்து மணிக்கு ரோலன் வருவான், அச்சடித்த தாளைப் பார்த்துத் தலையைச் சொறிவான், ஏதாவது கேலி சொல்வான். அவள் கையெழுத்துப் போடுவாள். டப்பா இழுப்பறையிலிருந்து குப்பைக்குப் போகும். வீடு லினேயாவுக்குப் போகும், கட்டில் நின்ற இடத்தில் தொட்டில் வரும்.

போடுகிறேன், என்றாள். குரல் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போடுகிறேன்.

விசிறி நின்றது.

கம்பி கழன்றிருக்கலாம். வீடு முழுவதும் அமைதி. குழாயில் சிவப்பு, இரண்டு பக்கமும் சமமாக, அசையாமல்.

மூடியில் மட்டும் அசைவு.

அவன் வட்டம். அவள் வட்டம்.

நடுவில், அந்த இடைவெளியில், ஒரு புள்ளி.

வெள்ளைப் புள்ளி. மறைந்தது. வந்தது.

காசு அளவுகூட இல்லை. எண்ண முடியாத வேகம். விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, பிறந்த எதுவும் மூச்சு விடாத அத்தனை வேகத்தில்.

அவள் மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

அது நிற்கவில்லை.